ஆர்லனின் டிரக்கில் அடித்த டோனட் வாசம்

என் தம்பி ஆர்லன், பெர்னீஸைக் காதலிக்க ஆரம்பித்தது அவள் மீன் பொரித்து முடித்த எண்ணெயைப் பார்த்துத்தான். கேட்டால் மறுப்பான். முகத்தையும் அன்றைக்கே பார்த்தேன் என்பான். பார்த்திருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்து என்னிடம் அவன் பேசியது முழுக்க எண்ணெயைப் பற்றித்தான்.

அப்போது அவனுக்கு நாற்பத்தெட்டு வயது, கல்யாணமாகவில்லை. பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் வேலை. அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் கீழ்த்தளம் அவனுக்கு, மாடி எனக்கு. ஈராக்கில் சண்டை தொடங்கி டீசல் விலை ஏறிய நாட்களில், தன் பழைய பிக்கப் டிரக்குக்கு வேண்டிய டீசலைத் தானே காய்ச்சிக்கொள்வது என்று முடிவு செய்தான். அப்போது எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் ஊருக்கு இரண்டு பேராவது இந்தப் பைத்தியம் பிடித்து அலைந்தார்கள். ஹோட்டலில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி வந்து, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கி, அடியில் தங்கும் பிசுக்கை வடித்துவிட்டு, மேலே நிற்பதைத் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் டீசல். சொல்வதற்கு ரசம் வைப்பது போலத்தான் இருக்கும். ரசம் வைக்க யாரும் அக்காவின் வாட்டர் ஹீட்டரைக் கழற்றிக்கொண்டு போவதில்லை.

ஆர்லன் கழற்றினான். எண்ணெயைக் காய்ச்ச அதைவிட நல்ல பாத்திரம் கிடையாதாம். எப்படியும் அது கெட்டுப்போகிற நிலையில்தான் இருந்தது என்றான். அன்று காலைதான் அதில் நான் ஆவி பறக்கக் குளித்திருந்தேன். புது ஹீட்டர் வரும்வரை பள்ளி ஜிம்மில் போய்க் குளித்தேன். என் மிக்ஸியில் அவன் காஸ்டிக் சோடா அடித்ததிலிருந்து அதைத் தொடவும் எனக்குத் தைரியமில்லை.

எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை என்றால் மாமிசம் கிடையாது, பொரித்த மீன்தான். கத்தோலிக்கர், லூத்தரன், எதையும் நம்பாதவர் எல்லாருக்கும்தான். எங்கள் ஊர் ஏரியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மதுக்கடையிலும் அன்று மாலை மீன் பொரியும். ஆகவே சனிக்கிழமை காலையில் ஒவ்வொரு கடையின் பின்பக்கமும் பழைய எண்ணெய் கேன்கள் வரிசையாக நிற்கும். ஆர்லன் கடை கடையாகப் போய் வாங்கி வந்தான். ஒரு கடை எண்ணெய் தார் போல இருந்தது. இன்னொன்றில் முள்கரண்டிகள் கிடந்தன. ஒரு கேனிலிருந்து குழந்தையின் செருப்பு ஒன்று நன்றாக மொறுமொறுவென்று வந்தது.

பிறகு ஏரியின் வடகரையில் இருக்கும் பெர்னீஸ் யாப்லான்ஸ்கியின் கடைக்குப் போனான்.

எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க அவனிடம் ஒரு சோதனை உண்டு. கொஞ்சம் எண்ணெயில் நிறம் காட்டும் மருந்தைக் கலந்து, சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பாக மாறும்போது எத்தனை மில்லி விட்டோமோ அதுதான் அந்த எண்ணெயின் எண். எண் குறைந்தால் எண்ணெய் நல்லது. மற்ற கடைகள் எல்லாம் மூன்று, நான்கு. செருப்பு வந்த கடை ஏழு. பெர்னீஸின் எண்ணெய் இரண்டு மில்லியை எட்டுவதற்குள் சிவந்துவிட்டது. ஆர்லன் கண்ணாடிக் குவளையோடு மாடிப்படி ஏறி வந்து என் மூக்குக்குக் கீழே நீட்டினான்.

"இதப் பாரு மேவிஸ். ஒண்ணு புள்ளி ரெண்டு."

பார்த்தேன். பல் டாக்டர் வீட்டில் வாய் கொப்பளித்துத் துப்பியது மாதிரி இருந்தது.

"இந்தப் பொம்பள வாராவாரம் எண்ணெய மாத்துறா. வடிகட்டித் தர்றா. கேன் மூடியக்கூடத் தொடச்சு வச்சிருக்கா." அவன் குரல் லேசாக நடுங்கியது. எங்கள் அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட அது நடுங்கவில்லை.

அதற்குப் பிறகு வேறு கடைகளுக்கு அவன் போகவில்லை. இரண்டு வருடங்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் பெர்னீஸின் கடையில் மீன் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் சமையலறைக் கதவருகே போய், போன வார எண்ணெயின் எண்ணைச் சொல்வான். "ஒண்ணு புள்ளி நாலு." அவள், "சரி" என்பாள். அவன் தொப்பியைத் தொட்டுவிட்டு வந்துவிடுவான். அவ்வளவுதான் அவர்களுடைய காதல். பெர்னீஸின் கணவர் ஓயாமல் பேசுகிறவர், படகை எடுத்துக்கொண்டு ஃப்ளோரிடாவுக்கு மீன் பிடிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். விவாகரத்துப் பத்திரம்தான் தபாலில் திரும்பி வந்தது. ஆகவே பேச்சுக்காரர்கள் மேல் அவளுக்கு அப்படியொன்றும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. என் தம்பியின் பேசாத குணம் அவளுக்குப் பிடித்திருக்கலாம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த டீசலில் ஒரு விசேஷம் உண்டு. எந்தக் கடை எண்ணெயோ அந்தக் கடையின் வாசம் புகையில் வரும். ஆர்லனின் டிரக் போனால் பெர்னீஸின் மீன் வாசம் தெருவெல்லாம் மணக்கும். நாய்கள் எழுந்து நிற்கும். பாதிரியார் ஒருமுறை செவ்வாய்க்கிழமையை வெள்ளிக்கிழமை என்று நினைத்து மாமிசத்தைத் தட்டிலிருந்து தள்ளி வைத்தாராம். ஆர்லன் அவளுடைய கடை விளம்பரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவது போலத்தான் அது. அவனுக்கு அதில் பெருமை. பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி ஹாரன் அடித்துவிட்டுப் போவான்.

வினை அக்டோபரில் வந்தது. பெர்னீஸின் சமையலறையில் புகைபோக்கி மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு வெள்ளிக்கிழமைகள் கடை மூடல். ஆர்லனிடம் எண்ணெய் தீர்ந்தது. பங்க்கில் போய்ப் போட்டுக்கொள்ளேன் என்றேன். இத்தனை ஹாரன் அடித்துவிட்டு அங்கே எந்த முகத்தோடு போவது என்று கேட்டான். பக்கத்து ஊரில் ஸ்டான்லி என்பவர் டோனட் கடை வைத்திருந்தார். முன்னாள் மல்யுத்த வீரர், மீசையே ஒரு பக்கத்துக்கு ஒரு சாண். அவரிடம் பழைய எண்ணெய் நிறைய இருந்தது. ஆர்லன் வாங்கி வந்து காய்ச்சினான்.

பெர்னீஸின் கடை திறந்த வெள்ளிக்கிழமை முதல் ஆளாகப் போய் நின்றான், இஸ்திரி போட்ட சட்டையோடு. நானும் கூடப் போயிருந்தேன். பெர்னீஸ் பின்வாசல் படியில் நின்று புதுப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டிரக் அவள் பக்கத்தில் போய் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சர்க்கரைப் பொடி, ஏலக்காய், சூடான மாவு என்று ஒரு பேக்கரியே வந்து இறங்கியது போல வாசம்.

பெர்னீஸ் அண்ணாந்த முகத்தைத் தாழ்த்தினாள். ஒரு முறை மூச்சை இழுத்தாள்.

"காலையில என்ன சாப்ட்ட, ஆர்லன்?"

"ஓட்ஸ் கஞ்சி."

அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் தப்பாகிவிட்டது. டோனட் என்று சொல்லியிருந்தால் வாசம் அவன் வாயிலிருந்து என்று ஆகிப் பிழைத்திருப்பான்; கஞ்சி என்றதும் அது வேறு கடை எண்ணெய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் உள்ளே போய்விட்டாள். அன்று அவன் தட்டுக்கு எல்லாம் வால் துண்டுகளாக வந்தன. உருளைக்கிழங்கு அடை ஆறிப்போயிருந்தது. இரண்டு வாரமாக அவளுடைய எண்ணெய் இல்லாததால் அன்று சொல்வதற்கு அவனிடம் எண்ணும் இல்லை. சமையலறைக் கதவருகே போய் நின்று, வாயைத் திறந்து, மூடி, தொப்பியைத் தொட்டுவிட்டு வந்தான்.

மறுநாள் காலை எண்ணெய் எடுக்கப் போனால் பின்பக்கத்தில் கேன்கள் இல்லை. டுவேன் ஹாகன் முன்னாலேயே வந்து எடுத்துப் போயிருந்தான்.

டுவேன் எங்கள் ஊரின் இன்னொரு பைத்தியம். அவனுக்குச் சோதனையும் கிடையாது, சொட்டும் கிடையாது. சோடாவைக் கைப்பிடி அளவில் அள்ளிப் போடுவான். பாதி டீசலாகும், பாதி சோப்பாகும். சோப்பானதை வெட்டி ரிப்பன் கட்டிப் பெண்களுக்குப் பரிசாகக் கொடுப்பான். இரண்டு முறை கல்யாணமானவன். மூன்றாவதற்கு யாராவது கேட்டால் மறுக்கக்கூடியவன் அல்ல. பெர்னீஸுக்கும் ஒரு சோப்பு போனது என்று கேள்விப்பட்டோம்.

அந்த வாரம் சாலையில் ஆர்லனின் டிரக்குக்கு முன்னால் டுவேனின் டிரக் போய்க்கொண்டிருந்தது. நான் ஆர்லன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி இறங்கியிருந்தது. முன்னால் போகிற வண்டியிலிருந்து பெர்னீஸின் வெள்ளிக்கிழமை வாசம் அப்படியே எங்கள் மேல் வந்து விழுந்தது. ஆர்லன் முந்திப் போகவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவும் இல்லை. டுவேன் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்வரை பின்னாலேயே போனான்.

"என்னப்பா வேணும்?" என்று டுவேன் இறங்கிக் கேட்டான்.

"ஒண்ணுமில்ல" என்றான் ஆர்லன். கண்ணாடியை ஏற்றினான்.

இது சரிப்படாது என்று நானே பெர்னீஸைப் பார்க்கப் போனேன். முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த டோனட்காரர் மீசை வைத்த ஆம்பளை, மனைவி உண்டு, பேரன்கூட உண்டு என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன். யாராக இருந்தால் எனக்கென்ன என்றாள். அவன் ஊரெல்லாம் எதை ஊற்றிக்கொண்டு சுற்றினாலும் அவளுக்குக் கவலையில்லையாம்.

"கடை தெறக்குற அன்னைக்கு, எங்கயோ சாப்ட்டுட்டு என் வாசல்ல வந்து ஏப்பம் விட்டுட்டுப் போனான். நாலு பேரு பாக்க."

நானும் ஒரு கத்தியை எடுத்து முட்டைக்கோஸ் நறுக்கினேன்.

பாதி முட்டைக்கோஸ் முடிந்தபோது அவள் சொன்னாள். "ரெண்டு வருஷமா வாராவாரம் வந்து ஒரு நம்பர் சொல்லிட்டுப் போனான், மேவிஸ். அதுதான் அவன் பேசுறதுன்னு நெனச்சுக்கிட்டேன். வெறும் நம்பர்தான் போல."

வீட்டுக்கு வந்து அதை ஒரு சொல் விடாமல் ஆர்லனிடம் ஒப்பித்தேன். என் பழைய ஹீட்டரின் மேல் கைவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். வெறும் நம்பரா என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு, வரும் வெள்ளிக்கிழமை போய்ப் பேசிவிடுவதாகச் சொன்னான். என்ன பேசுவாய் என்றேன். தெரியாது, போகும் வழியில் வந்துவிடும் என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை சாதாரண வெள்ளிக்கிழமை அல்ல. மறுநாள் மான் வேட்டை தொடக்கம். எங்கள் ஊரில் பள்ளிக்கு வராதவன்கூட வேட்டைக்கு வருவான். சிக்காகோவிலிருந்தும் மில்வாக்கியிலிருந்தும் ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டு போட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கி, முதல் வேலையாக மீன் சாப்பிடப் போவார்கள். பெர்னீஸுக்கு வருடத்தின் மிகப் பெரிய நாள் அது. குளிரும் அன்று முறுக்கிக்கொண்டு வந்திருந்தது. ஏரிக் கரையோரம் பனிக்கட்டி கட்டிவிட்டது.

ஆர்லனின் டிரக்கில் இருந்தது ஸ்டான்லியின் எண்ணெயில் காய்ச்சிய டீசல் மட்டும்தான். டோனட் பொரிக்க, ஆறினால் வெண்ணெய் போலக் கட்டியாகிவிடும் கொழுப்பைத்தான் போடுவார்கள். அதில் செய்த டீசலும் குளிரில் அதே குணத்தைக் காட்டும். இது ஆர்லனுக்குத் தெரியாததல்ல. ஊருக்கே பாடம் எடுப்பவன். ஆனால் கராஜ் சூட்டில் இருந்து கிளம்புகிற வண்டி, ஏரியின் வடகரைவரை தாங்கும் என்று கணக்குப் போட்டான். அந்தக் கணக்கும் சரிதான். தாங்கியது. கடை வாசல்வரை ஒழுங்காகப் போனோம்.

போனவன் உள்ளே நுழையவில்லை. சன்னல் வழியே பெர்னீஸின் தலை தெரிந்தது. உடனே ஸ்டியரிங்கைத் திருப்பி, இன்னும் ஒரு சுற்று சுற்றினால் வார்த்தை வந்துவிடும் என்றான். ஏரியை ஒரு சுற்று சுற்றினோம். வரவில்லை. இன்னொரு சுற்று போனோம். டாங்கில் இருந்த டீசல் வெளிக் குளிரில் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டிருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? அதாவது, எனக்கு எப்படித் தெரியும்? அவன் நினைப்பு முழுக்க வேறிடத்தில் இருந்தது. மூன்றாவது சுற்றில் நான், நீ பேசாவிட்டால் நான் பேசப் போகிறேன் என்றேன். அவன் கடை வாசலுக்குத் திருப்பினான். இன்ஜின் இரண்டு தரம் இருமி, வண்டி நின்றுவிட்டது.

நின்ற இடம்தான் விசேஷம். பெர்னீஸின் கடைக்கு ஒரே ஒரு நுழைவழி. ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் எரிவாயுத் தொட்டி. நடுவில் குறுக்காக ஆர்லன். உள்ளே இருந்த வண்டிகள் வெளியே வர முடியாது. வெளியே நின்ற வண்டிகள் உள்ளே போக முடியாது. வருடத்தின் மிகப் பெரிய வெள்ளிக்கிழமையில், நூறு பேர் பசியோடு நிற்க, என் தம்பி கடையை மூடிவிட்டான்.

கூட்டம் கூடியது. டீசல் வண்டி வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு யோசனை இருந்தது. ஒருவர் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார். ஒருவர் தள்ளிப் பார்க்கச் சொன்னார். ஒருவர் டாங்குக்குக் கீழே நெருப்பு மூட்டலாம் என்றார், அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். வரிசையில் அடுத்து நின்றது டுவேனின் டிரக். அது சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. கயிறு ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு டுவேன் வந்தான்.

"கட்டிடறேன். ஒரே இழுப்பு."

"வேணாம்" என்றான் ஆர்லன்.

"ஏன்யா?"

"உன் வண்டியில என்ன ஓடுது?"

"டீசல்தான்."

"யாரோட எண்ணெய்?"

டுவேன் சுற்றுமுற்றும் பார்த்தான். எல்லார் மூக்குக்கும் பதில் தெரிந்திருந்தது.

"அந்த எண்ணெயில என்ன இழுக்காத" என்றான் ஆர்லன். "நடந்துகூடப் போவேன்." அவன் போகப் போவது ஆறடி தூரம் என்பதால் அது அவ்வளவு பெரிய சபதமாகத் தெரியவில்லை.

அப்போது பெர்னீஸ் வந்தாள். ஏப்ரன் கட்டியிருந்தாள். ஒரு கையில் தலைமுடி உலர்த்தும் கருவி, மறு கையில் நீள ஒயர் சுற்று. கூட்டம் வழிவிட்டது. யாரிடமும் எதுவும் கேட்காமல் டிரக்கின் முன்மூடியைத் தூக்கி நிறுத்தினாள். ஃபில்டரைக் கழற்றுமாறு ஆர்லனுக்குக் கண்ணால் சொன்னாள். கழற்றினான். உள்ளே வெள்ளை வெளேரென்று கொழுப்பு உறைந்திருந்தது. கேக் மேல் தடவுகிற க்ரீம் போல, சுழி சுழியாக.

பெர்னீஸ் விரலால் தொட்டு, முகர்ந்தாள். "ரொம்ப நல்லா இருக்கே. கூடவே கலர் மிட்டாய் தூவித் தரலயா?"

கூட்டத்தில் சிரிப்பு. ஆர்லன் சிரிக்கவில்லை. அவள் கருவியை முடுக்கிச் சூடான காற்றை ஃபில்டர் மேல் பிடித்தாள். ஆரஞ்சு கோட்டுக்காரர்கள் கை குளிராமல் இருக்கத் தங்கள் கையுறைக்குள் வைத்திருந்த சூட்டுப் பொட்டலங்களை எடுத்துக் கொடுக்க, நான் அவற்றைக் குழாயைச் சுற்றி டேப் போட்டு ஒட்டினேன். ஒரு பெரியவர் தன் பூட்ஸைக் கழற்றி அதிலிருந்த பொட்டலத்தையும் கொடுத்தார். அதை ஏற்றுக்கொண்டு, பெர்னீஸின் மூக்குக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன்.

"நாலரை" என்றான் ஆர்லன்.

காற்றுச் சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கருவியை நிறுத்தினாள்.

"என்ன நாலரை?"

"ஸ்டான்லியோட எண்ணெய். அதையும் டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். நாலரை. உன்னோடது ஒண்ணரையத் தாண்டினதே இல்ல, பெர்னீஸ். ரெண்டு வருஷத்துல ஒரு வாரம்கூட."

பின்னால் ஒருவர், அது நல்ல நம்பரா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். ஏதோ வைரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் போலிருக்கிறது என்றார் மற்றவர்.

பெர்னீஸின் முகம் கொஞ்சம் இளகியது. இளகியதை அவளே கவனித்து மறுபடியும் இறுக்கிக்கொண்டாள்.

"நம்பர் இல்லாம சொல்லு."

ஆர்லன் ஃபில்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் டேப்பைக் கிழிப்பதில் மும்முரமாக இருந்தேன். டுவேனைக்கூடப் பார்த்தான். அவனும் ஒரு நண்பன்போலத் தலையை ஆட்டி, சொல்லு என்று சைகை காட்டினான். நூறு பேரின் வயிறு இரைந்துகொண்டிருந்தது.

"எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும் போதல" என்றான்.

பெர்னீஸ் கருவியைக் கீழே இறக்கினாள்.

"மத்த நாள்ல மீன் இருக்காது."

"தெரியும்."

"வீட்டுல நான் மீன் பொரிக்க மாட்டேன். அந்த வாசமே மொகத்துல அடிக்கும் எனக்கு."

"பரவால்ல. நான் ஓட்ஸ் கஞ்சி வைப்பேன்."

"எண்ணெயும் வராது உனக்கு."

"எண்ணெய்க்காக நான் வரல." இதைச் சொன்னபின் அவன் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "மொதல்ல எண்ணெய்க்காகத்தான் வந்தேன். ரெண்டாவது வாரத்துலேர்ந்து இல்ல."

பெர்னீஸ் ஃபில்டரை அவன் கையிலிருந்து வாங்கி, தானே அதன் இடத்தில் வைத்துத் திருகினாள். நன்றாக இறுக்கித் திருகினாள். கைகளை ஏப்ரனில் துடைத்தாள். பிறகு ஏப்ரனையே அவிழ்த்து என் கழுத்தில் மாட்டினாள்.

"மீன ரெண்டு நிமிஷத்துக்கு மேல விடாத, மேவிஸ். கூட்டமா இருக்குன்னு தீயக் கூட்டாத."

எனக்கு விஷயம் புரிவதற்குள் அவள் டிரக்கில் ஏறி, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆர்லன் சாவியைத் திருப்பினான். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை ஒரு முனகல். மூன்றாவது தடவை வண்டி குபுகுபுவென்று வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெற்றது. பொரித்த மீனுக்காக வந்து நின்ற நூறு பேருக்கும் திடீரென்று இனிப்பு சாப்பிட ஆசை வந்தது. டுவேன் தன் வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். ஆர்லன் வெளியே எடுத்து, ஏரிச் சாலையில் திருப்பினான்.

"எங்க போறாங்க?" என்று ஒரு ஆரஞ்சு கோட்டு கேட்டது. "எங்களுக்கு யாரு சோறு போடுறது?"

நான்தான் போட்டேன். ஆயுளில் அத்தனை மீன் பொரித்ததில்லை. முதல் இரண்டு தட்டுகள் கருகின. மூன்றாவது தட்டு உள்ளே வேகவில்லை. அதற்குப் பிறகு யாரும் புகார் சொல்லவில்லை, சொன்னவர்களைச் சமையலறைக்குள் வந்து உதவும்படி கூப்பிட்டேன். அப்படித்தான் பூட்ஸ் கழற்றிய பெரியவர் முட்டைக்கோஸ் கிண்ணத்தோடு மேசை மேசையாகப் போகலானார்.

சமையலறைச் சன்னலில் ஏரி தெரியும். இருட்டிவிட்டிருந்தது. டிரக்கின் இரண்டு விளக்குகளும் கிழக்குக் கரையில் நகர்ந்து, தெற்கே வளைந்து, நேர் எதிர்க்கரைக்கு வந்தன. அங்கே ஒரு குலுக்கல். அப்புறம் அசையவில்லை.

டுவேனும் அதைப் பார்த்துவிட்டான். கயிறு இன்னும் அவன் தோளில்தான் தொங்கியது.

"மறுபடி ஒறஞ்சு போச்சு. போய் இழுத்துட்டு வந்துடறேன்."

"இப்ப வேணாம்" என்றேன்.

"குளிருமே அவங்களுக்கு."

"ஹாரன் இருக்குல்ல வண்டியில. ஊர் பூரா அடிச்சுப் பழகினவன்தான். வேணும்னா அடிப்பான்."

டுவேன் சன்னலருகே நின்று காதைக் கொடுத்துக் கேட்டான். நானும் கேட்டேன். மீன் பொரிகிற சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவன் தோளிலிருந்து கயிற்றை இறக்கி, மடித்து, அலமாரிமேல் வைத்தான். அவன் கையில் இரண்டு தட்டுகளைக் கொடுத்து, நாலாவது மேசைக்கு என்றேன்.